பிரட்பி பார்ப்பது

உக்குவளையில் எங்கள் தெருப் பையன்கள் கிரிக்கெட்டும் உதைபந்தும் விளையாடி வளர்ந்தவர்கள். முட்டை வடிவப் பந்தைக் கையால் தொட்டவர்கள் எங்களில் குறைவு. ஆனாலும் கண்டி டிரினிட்டிக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் மோதும் பிரட்பி றகர் போட்டி வந்துவிட்டால், இரண்டு கல்லூரிகளிலும் காலடி வைக்காத நாங்களும் கட்சி பிரிந்துவிடுவோம். கண்டி பக்கத்தில் இருப்பதால் டிரினிட்டி எங்களுடையது என்றொரு நினைப்பு. எங்களுக்கும் அதற்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

றோயல் கல்லூரி அதிபராயிருந்த பிரட்பி வழங்கிய கேடயத்துக்காக 1945இல் தொடங்கியது இந்தப் போட்டி. ஒரு மெட்ச் கொழும்பில், மற்றது கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று முடிவாகும். ஆகவே முதல் மெட்சில் தோற்றவர்களுக்கும் அடுத்த மெட்ச் வரை நம்பிக்கை இருக்கும். மலைநாட்டில் றகர் இதைவிடவும் பழையது. 1906இல் போகம்பறையில் டிரினிட்டியும் கிங்ஸ்வூட்டும் ஆடியதையே இலங்கையின் முதல் பாடசாலை றகர் போட்டி என்பார்கள். அதே கிங்ஸ்வூட்டில் படித்த பாஸில் மரிஜா பின்னாளில் இலங்கை அணிக்குத் தலைவரானார். அந்தப் பெயரைச் சொல்லும்போது எங்கள் தேநீர்க் கடையில் குரல்கள் கொஞ்சம் உயரும்.

எங்களுக்குப் பிரட்பி முதலில் காதால் கேட்கும் விளையாட்டாகவே இருந்தது. மெட்சுக்குப் போன நானாமார் இரவில் வந்திறங்கி, கடை வாங்கில் உட்கார்ந்து கதை சொல்வார்கள். ஒரே ட்ரையை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். மறுநாள் பத்திரிகை வந்துதான் வழக்கைத் தீர்க்கும். பிறகு தொலைக்காட்சி வந்தது, இப்போது கையடக்கத் தொலைபேசியிலேயே நேரடியாகப் பார்க்கலாம். இதனால் விளைந்த நன்மையை மறைக்கக் கூடாது. மைதானத்துக்கு ஒருநாளும் போகாத எங்கள் தாத்தாமாரும் மாமிமாரும் இன்று நடுவரின் தீர்ப்பில் பிழை பிடிக்கிறார்கள். நானாமார் சொன்ன கதைகளில் எத்தனை புளுகு இருந்தது என்பதும் வெளியே வந்துவிட்டது.

அப்படியிருந்தும் மைதானத்துக்குப் போய்ப் பார்ப்பது வேறு. ரயிலில் வத்தேகம, கட்டுகஸ்தோட்டை கடந்து கண்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் பல்லேகலைக்குப் போக வேண்டும். அஸர் தொழுகைக்கு ஓரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டில் இருந்து பார்த்தால் பந்து பாதி நேரம் கண்ணுக்கே படாது. ஆள்களின் குவியல்தான் தெரியும். தொலைபேசி பந்தை அருகே கொண்டுவந்து காட்டுகிறது. மைதானமோ பக்கத்தில் இருக்கும் மனிதனைக் காட்டுகிறது.

பல்லேகலைக்கு நாங்கள் ஏறும் பஸ்ஸின் பெயர்ப்பலகையில் இருப்பது திகன. 2018 மார்ச்சுக்கு முன் அது வெறும் ஊர்ப்பெயர். அந்த மாதம் அங்கே மூண்ட வன்முறை கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று எங்கள் பாதை நெடுகப் பரவியது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கு போட்டார்கள், சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அதன் பிறகு பிரட்பி என்றதும் உம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "போனுக்குள்ள மெட்ச் இருக்கிதுதானே மகன், என்னத்துக்கு அந்தப் பக்கம் போற?"

அந்தக் கேள்வியில் இருந்த அச்சம் நியாயமானது. அதற்கு என்னிடம் நல்ல பதிலும் இருக்கவில்லை. என்றாலும் நானாவின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் இருவரும் அதிகம் பேசவில்லை. படிக்கட்டில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு முதிய சிங்களவர் இருந்தார், டிரினிட்டியின் பழைய மாணவராக இருக்க வேண்டும். "சாச்சா, பந்தை முன்னுக்கு எறிஞ்சா ஏன் விசில் அடிக்கிறாங்க?" என்று பிள்ளை என்னைக் கேட்க, எங்கள் பாஷை விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கியவர்போல் அவர் கையைப் பின்னால் வீசிக் காட்டினார். பந்தைப் பின்னுக்குத்தான் கொடுக்கலாம், முன்னுக்குப் போவதென்றால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். இடைவேளையில் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசாதிருந்து, கையிலிருந்த கச்சான் சுருளைப் பிள்ளையிடம் நீட்டினார்.

எரிந்த கடைக்கு ஒரு சுருள் கச்சான் ஈடாகாது. அந்த மனிதர் மார்ச் மாதத்தில் என்ன நினைத்தார், என்ன செய்தார் என்று நான் கேட்கவுமில்லை. ஆனால் ஒரே ட்ரைக்கு நாங்கள் மூவரும் ஒன்றாக எழுந்து நின்றோம். எங்கள் பிள்ளைகள் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து கத்தக்கூடிய இடங்கள் இந்த நாட்டில் அதிகமில்லை. பாடசாலைகள் பிரிந்து கிடக்கின்றன, தெருக்களும் பிரிகின்றன. இருக்கிற படிக்கட்டையும் பயத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குள் திரையைப் பார்த்திருந்தால், மெட்ச் முழுவதும் தெளிவாகத் தெரியும், பக்கத்தில் இருப்பவனை மட்டும் தெரியாமலே போய்விடும்.

போக முடியாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கட்டும். போகக்கூடிய பிள்ளைகளைத் திகன பஸ்ஸில் ஏற்றிவிடுவோம்.