மூன்றாம் ஊர்

இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடும் உலக அளவிலான போட்டிகளை நேரில் காண விரும்புகிறவர், அவர் எந்த நாட்டவராயினும், இப்போது விமானம் ஏறியாக வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, 2027 வரை இவ்விரு நாடுகளில் எது ஐசிசி போட்டிகளை நடத்தினாலும் இவர்கள் சந்தித்துக்கொள்வது மூன்றாவதொரு நாட்டில்தான். ஆட்டக்காரர்களுக்கு இது பெரிய இழப்பல்ல. ஆடுகளம் எங்கும் இருபத்திரண்டு கெஜம்தான். இழப்பு ரசிகர்களுக்கு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

2004ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். இந்திய அணியின் பாகிஸ்தான் பயணத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்கு விசா வழங்கப்பட்டது. வாகா எல்லையை நடந்தே கடந்து லாகூர் சென்றவர்கள் உண்டு. கடைக்காரர்கள் காசு வாங்க மறுத்தார்கள் என்பதே திரும்பி வந்தவர்கள் சொன்ன முதல் செய்தியாக இருந்தது. மார்ச் 13 அன்று கராச்சியில் இந்தியா 349 ஓட்டங்கள் எடுக்க, பாகிஸ்தான் 344 வரை வந்து ஐந்து ஓட்டங்களில் தோற்றது; உள்ளூர்க் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நம்மூர் லட்சுமிபதி பாலாஜியின் சிரிப்புக்கு அங்கே அத்தனை ரசிகர்கள் கிடைத்தது அந்தப் பயணத்தின் தனிக் கதை. தமிழ் படித்தவர்களுக்கு இதையெல்லாம் கேட்கும்போது ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வராமல் இராது. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்படுகிற இன்னொரு பாணனிடம் வழியைச் சொல்கிறான். வழியில் எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். லாகூர் சென்று வந்தவர்கள் செய்ததும் அதுதான். அவர்கள் பேச்சில் ஓட்டக்கணக்கைவிடச் சோற்றுக்கணக்கே மிகுதி.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 1999 ஜனவரி 31 அன்று, சேப்பாக்கத்தில் நாங்கள் இருந்தோம். அப்போது முதுகலை மாணவர்கள். 271 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி. முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136இல் வெளியேறிய பின் மீதமிருந்த விக்கெட்டுகள் மளமளவெனச் சரிந்தன. 258இல் எல்லாம் முடிந்துவிட்டது. சில கணங்கள் அரங்கம் முழுக்க ஒரு மௌனம். பிறகு யார் தொடங்கியது என்று தெரியவில்லை, கைதட்டல். பாகிஸ்தான் அணியினர் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது எங்கள் காலரி முழுவதும் எழுந்து நின்றது. அழுதுகொண்டே கைதட்டியவர்களும் இருந்தார்கள். நாங்களும்தான். (இதைச் சென்னையின் பெருந்தன்மை என்று பின்னாளில் ஒரேயடியாகப் புகழ்ந்தார்கள். நல்ல ஆட்டம் கண்டவன் கைதட்டினான், அவ்வளவே.)

2023 உலகக் கோப்பையின்போது அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் இரண்டு ஆட்டங்கள் ஆடியது, இரண்டிலும் தோற்றது. தென்னாப்பிரிக்காவுடனான ஆட்டம் ஒரே ஒரு விக்கெட் வித்தியாசத்தில் பறிபோனது. அன்று துயரப்படவேண்டியவர்கள் அரங்கில் இல்லை. பாகிஸ்தான் ரசிகர்களில் பெரும்பாலோருக்கு விசா கிடைத்திருக்கவில்லை.

ஆகவே மூன்றாம் ஊர். 2025 பிப்ரவரி 23 அன்று சாம்பியன்ஸ் கோப்பை ஆட்டத்துக்காகத் துபாய் சென்றோம். கல்லூரியில் உடன் பணியாற்றும் மூவர். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் சீட்டுகள் எடுத்து வைத்திருந்தான். போட்டியை நடத்தும் நாடு பாகிஸ்தான். 1996க்குப் பிறகு அவர்கள் மண்ணுக்கு முதன்முறையாக வந்த ஐசிசி போட்டி. எனினும் இந்த ஆட்டத்துக்கு அவர்களும் பயணப்பட்டு வர வேண்டியதாயிற்று. தம் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாமே மொய் எழுதிவிட்டு ஓரமாய் உட்காருவதைப் போல. அரங்கில் நீலமும் பச்சையும் கலந்தே அமர்ந்திருந்தன. ஆனால் யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. காசு வாங்க மறுக்க அங்கே யாருக்கும் கடை இல்லை. பெரும்பாலோர் அந்த ஊரில் பிழைக்க வந்தவர்கள்; மறுநாள் காலை ஒரே அலுவலகத்துக்கோ ஒரே கட்டடப் பணிக்கோ போக வேண்டியவர்கள்.

எங்களுக்கு அடுத்த இருக்கையில் பைசலாபாத்காரர் ஒருவர், பன்னிரண்டு வயது மகனோடு. பாகிஸ்தான் 241க்கு ஆட்டமிழந்ததுமே அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது. பச்சைச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கலைந்த பிறகும் அவர் எழவில்லை. வெற்றிக்கு இரண்டு ஓட்டங்கள், கோலி 96இல் இருக்கிறார். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டதும் பையன் தன்னையறியாமல் கைதட்டி, உடனே அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவரும் தட்டினார். கீழே ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். பஹல்காம் படுகொலைக்குப் பின், அதே ஆண்டு செப்டம்பர் 14இல், இதே அரங்கில் அதுவும் நிகழாமற் போனது.

வெளியே வரும் வழியில் எந்த ஊர் என்று கேட்டார். சென்னைப் பக்கம் என்றோம், எங்கள் அரைகுறை இந்தியில். அவர் நின்றுவிட்டார். 1999இல் எழுந்து நின்றார்களே, அந்தச் சென்னையா என்றார். நாங்கள் அங்கேதான் இருந்தோம் என்றதும் மகனை அருகே இழுத்து, பஞ்சாபியில் ஏதோ சொன்னார். பையன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவர், சேப்பாக்கத்தில் வெயில் எப்படியிருக்கும், சிறுவனால் தாங்க முடியுமா என்று விசாரித்தார்.

ஜனவரியில் தாங்கலாம் என்றோம்.