ஞான ஒடுக்கம்

திருச்சியில் எங்கள் பங்கில் ஆண்டுதோறும் தவக்காலத்தில் மூன்று நாள் தியானம் உண்டு. வெளியூருக்குப் போய்த் தங்கி, மௌனமாயிருந்து திரும்புவோம். பெரியவர்கள் அதை இன்றும் ‘ஞான ஒடுக்கம்’ என்றே சொல்கிறார்கள். ஆமையைப்போல் புலன்களை உள்ளிழுத்து ஒடுங்கியிருத்தல். தியானம் என்பதைவிட எனக்கு இந்தச் சொல்லே பிடித்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வங்கியில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். பட்டியல் போடுவதில் சற்றுக் கர்வமும் உண்டு. முதலில் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனத்தை நினைத்தேன். 1950இல் மொன்ஷானென், ல சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் காவிரிக்கரையில் தொடங்கிய ஆசிரமம் அது. 1968இல் அங்கு வந்து சேர்ந்த பீட் கிரிஃபித்ஸ் 1993இல் மறைந்தது வரை அதையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். “நாற்பது பேரைக் கொண்டுபோய் இறக்கினால் ஆசிரமம் சந்தையாகிவிடும்” என்றார் பங்குத்தந்தை. ஆகவே மலையடிவாரத்துத் தியான இல்லம் ஒன்று முடிவாயிற்று. பேருந்து, பாய், அரிசி, சர்க்கரை நோயாளிகளுக்குத் தனிச் சாப்பாடு, குறட்டை விடுவோருக்குத் தனி அறை எனப் பட்டியல் நான்கு பக்கம் நீண்டது.

கடைசித் தலைப்பு ‘உதவியாளர்கள்’. அதன்கீழ் முதற்பெயர் எங்கள் கோயில்பிள்ளையுடையது. பாத்திரங்களையும் மூட்டைகளையும் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அவர் வர இயலாது. மூவேளைச் செபத்துக்கு மணியடிக்க ஆள் வேண்டுமே. கூட்டத்தில் வாசித்தேன்; ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அவர் எங்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க எத்தனை ஒடுக்கத்துக்கு வந்திருக்கீங்கண்ணே?” என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“பத்தொன்பது வருசமா மூட்டை ஏத்தி விடுறேன் சார். உள்ள போய் உக்காந்ததில்ல.”

குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் உறுத்தியது.

அன்றிரவு புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலைப் புரட்டினேன். 1522இல் மன்ரேசாவில் அவர் எழுதத் தொடங்கி 1548இல் அச்சேறிய நூல். ஏறத்தாழ முப்பது நாள் தனிமையை அது கோருகிறது. ஆனால் முன்குறிப்புகளில் 19ஆவது, வேலையை விட்டு வர இயலாதவர் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, இருந்த இடத்திலேயே பயிலலாம் என்கிறது. அப்பாடா என்றிருந்தது. அதையே அவரிடம் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். மறுபடி வாசித்தபோது, அக்குறிப்பு பொதுக் காரியங்களில் ஈடுபட்ட, கற்ற அல்லது திறமையுள்ள மனிதரைப் பற்றியது என்று கண்டேன். கல்வி குறைந்தவருக்கு எளிய பயிற்சிகளே போதும் என்கிறது 18ஆவது. எப்படிப் பார்த்தாலும் எங்கள் கோயில்பிள்ளைக்கு மூன்று நாள் விடுப்பு இல்லை.

பிறகு மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. உண்ணவும் நேரமின்றிக் களைத்த சீடர்களை இயேசு தனிமையான இடத்துக்கு அழைக்கிறார். படகில் போகிறார்கள். மக்கள் கரைவழியே ஓடி முன்னதாகவே அங்கே நிற்கிறார்கள். அன்று மாலை, ஓய்வெடுக்க வந்த சீடர்கள் ஐயாயிரம் பேருக்குப் பந்தி பரிமாறுகிறார்கள். யாரோ பரிமாறத்தான் வேண்டும். அது எப்போதும் ஒரே ஆளாக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மறுநாள் பட்டியலில் அவர் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன்.

மணியடிப்பது எளிதென்று நினைத்திருந்தேன். மும்மூன்றாக மூன்று முறை, பின் ஒன்பது. முதல் நாள் நண்பகலில் எட்டோடு நிறுத்திவிட்டேன் போலும். “ஒண்ணு குறையுதே” என்று எதிர்வீட்டுப் பாட்டி வாசலிலிருந்து குரல் கொடுத்தார். காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று கயிறு நாளை அறுத்துப் போட்டது. இரண்டாம் நாள் லால்குடியில் தங்கை வீட்டு நிச்சயதார்த்தம், போக முடியவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் அவர் எத்தனை விசேஷங்களைத் தவறவிட்டிருப்பார் என்று மாலை மணியடித்தபின் கோபுரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன்.

மூன்றாம் நாள் இரவு பேருந்து வந்தது. முதலில் இறங்கியவர் அவர்தான், தோளில் அண்டாவுடன்.

“எப்படி இருந்துச்சுண்ணே?”

“முத நாள் விடியக்காலையில கை கயித்தத் தேடிச்சு சார். மறுநாள் நல்லாத் தூங்கிட்டேன். சாமி பேசுனது ஒண்ணும் காதுல விழல” என்றார், மன்னிப்புக் கேட்பவர்போல.

மூன்று நாளில் எனக்கு வாய்க்காத ஒடுக்கம் அந்தத் தூக்கத்தில் அவருக்கு வாய்த்திருக்கலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு வேறொருவர் முன்வந்தார். அதற்கடுத்த ஆண்டும் ஒருவர் கிடைத்தார். இந்த ஆண்டுப் பட்டியல் என் மேசையில் இருக்கிறது. ‘உதவியாளர்கள்’ என்ற தலைப்பின்கீழ் இன்னும் ஒருவரும் பெயர் தரவில்லை. நேற்று மாலை கோயில்பிள்ளை எட்டிப் பார்த்து, “மூட்டை எப்ப ஏத்தணும் சார்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.