அப்பா பின்னிய சடை

அப்பா எனக்குச் சடை பின்னிவிடுவார். மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கப் போகாமல், ரெட்டைச் சடை. அவர் முழுநேரச் சிப்பாய் இல்லை. டெரிட்டோரியல் ஆர்மி. வருடத்தில் சில வாரம் பயிற்சி. மற்றபடி கோவையில் மில் வேலை. கூப்பிட்டால் போக வேண்டும். 1999-இல் கூப்பிட்டார்கள். காஷ்மீரிலிருந்து பெட்டியில் வந்தார். பிறகு ஒரு வீரப் பதக்கமும் வந்தது.

ஒவ்வொரு நினைவுநாளிலும் அந்தச் சடையைச் சொல்லி, 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்பார்கள். பொய்யில்லை. மற்ற நாளெல்லாம் பின்னிவிட்ட அம்மாவைத்தான் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு அப்போது 27 வயது. பதக்கத்தோடு மாதாமாதம் ஒரு படித்தொகை உண்டு. மனைவி மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். இறந்தவரின் சகோதரரைக் கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும். ஊர்வழக்கம் இல்லை இது, அரசு விதி.

"காசும் வீட்டோட இருக்கும், நீயும் வீட்டோட இருப்பே" என்றார் அத்தை. சித்தப்பாவுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து சோறு போட்டவள் அம்மா. பதில் சொல்லாமல் எழுந்து போனாள்.

மில்லில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரும் கேட்டு வந்தார். நல்ல மனிதர். அம்மாவுக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். என் பள்ளிக் கட்டணம் அந்தப் படித்தொகையில்தான் போனது. அவரையும் திருப்பி அனுப்பினாள்.

2017 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. செய்தியைப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த மனுசன் போன வருசம் பேத்தியே எடுத்துட்டாரு கண்ணு" என்றாள்.