கிண்ணமும் வாளியும்

ஏப்ரல் 20, ஞாயிறு

பொம்மிக்கு 12 வயது முடிந்துவிட்டது. பூனை ஜாதியில் அது பாட்டி ஸ்தானம். தடுப்பூசி போடுவதற்காக நேற்று கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனபோது, வைத்தியர் அதன் பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டு, அது எவ்வளவு சீக்கிரம் பழையபடி படிகிறது என்று பார்த்துக்கொண்டே, "தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது?" என்று கேட்டார். "குடிக்கும்" என்றேன். "எவ்வளவு?" என்று மறுபடியும் கேட்டார். முப்பத்தோரு வருஷம் ஒரு தொழிற்சாலையின் அளவுக்கருவிப் பிரிவில் உத்தியோகம் பார்த்து, கொதிகலனுக்குள் போகும் நீருக்கும் அதிலிருந்து வெளிவரும் ஆவிக்கும் நாள் தவறாமல் கணக்கு எழுதிய நான், என் மடியிலேயே உறங்குகிற ஒரு ஜீவனின் தாகத்தைப் பற்றிக் கேட்டதும் பதில் இல்லாமல் நின்றது எனக்கே வெட்கமாக இருந்தது.

இன்று அண்ணன் மகன் வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டவுடன், "எடை பார்க்கும் கிண்ணம் ஒன்று நீங்கள் செய்யுங்கள் சித்தப்பா, போனில் காட்டும் செயலியை நான் எழுதிவிடுகிறேன்" என்றான். மாலைக் காப்பி ஆறுவதற்குள் செயலிக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. இந்தத் தலைமுறையில் பிரசவத்துக்கு முன்பே பெயர்சூட்டு விழா நடந்துவிடுகிறது. காப்பி டம்ளரை எடுக்க வந்த என் மனைவி, "கிண்ணத்துல எங்க குடிக்குது? பாத்ரூம் வாளியைத்தானே சுத்திச் சுத்தி வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் இருவரும் வரைபடத்தில் மூழ்கியிருந்தோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று ரிச்சி தெருவுக்குப் போய் வேண்டிய உறுப்புகளை வாங்கி வந்தேன். இவற்றில் தலைமையானது 'லோட் செல்' என்று கடைக்காரர்கள் சொல்லும் சிறு அலுமினியக் கட்டை. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள், கட்டை பாரத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்போது தாமும் இழுபட்டு, மின்தடையில் அணுப்பிரமாணமான மாறுதல் காட்டும். இப்படி ஒட்டி அளக்கும் உத்தியை 1938-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அந்த மாறுதலைப் பிரித்துக் காட்டும் மின்பாலமோ வீட்ஸ்டன் பெயரால் வழங்குகிறது. அதை 1833-லேயே வகுத்தவர் கிறிஸ்டி என்பவர். பெயரை மட்டும் பிரபலப்படுத்தியவருக்குக் கொடுத்துவிடுவது உலக வழக்கம். பாலத்திலிருந்து வரும் துளி மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற, எச்.எக்ஸ். 711 என்ற நகத்தளவுச் சில்லு. அது விநாடிக்குப் பத்து முறையோ எண்பது முறையோ அளந்து சொல்லும்.

ஒரு கிலோ தாங்கும் லோட் செல்லா, ஐந்து கிலோ தாங்குவதா என்று எங்களுக்குள் தர்க்கம். நுட்பம் அதிகம் என்பதால் முதலாவதே வேண்டும் என்றான் பையன். எங்கள் வீட்டில் சிங்காரம் என்றொரு செம்பட்டைக் கடுவன் இருப்பதும், அது கிண்ணத்துக்குள்ளேயே முன்னங்கால்களை ஊன்றி நிற்கும் பழக்கமுடையது என்பதும், ஒருமுறை அளவுக்கு மீறி வளைந்த கட்டை ஆயுள் முழுவதும் பொய் சொல்லும் என்பதும் எனக்குத் தெரியுமாகையால், ஐந்து கிலோவே வாங்கினேன். ஒரு கிராம் வித்தியாசம் தெரிந்தால் போதும். ஒரு கிராம் தண்ணீர் என்பது ஒரு மில்லி.

மே 5, திங்கள்

நேற்று அக்கினி நட்சத்திரம் பிறந்தது. முதல் பரீட்சையும் முடிந்து, முதல் அவமானமும் கிடைத்தது.

பையன் போட்ட கணக்கு எளிமையானது: காலையில் நிரப்பிய எடையிலிருந்து மறுநாள் காலை எடையைக் கழித்தால் குடித்த அளவு. அதன்படி நேற்று பொம்மி 118 மில்லி குடித்ததாகச் செயலி அறிவித்தது. சந்தேகம் தட்டியதால், அதே மாதிரியான இன்னொரு கிண்ணத்தை நிரப்பி, கம்பிவலைக் கூண்டால் மூடிப் பக்கத்தில் வைத்திருந்தேன். எந்தப் பூனையும் வாய் வைக்காத அந்தக் கிண்ணத்திலிருந்தும் 57 மில்லி காணாமற்போயிருந்தது. திருடியது காற்று. கிண்ணத்தின் வாய் 16 சென்டிமீட்டர். அதில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே 20 மில்லி போய்விடும். தலைக்கு மேலே மின்விசிறியும், ஜன்னல் வழியே மேல்காற்றின் அனலும் இருக்கும்போது மூன்று மில்லிமீட்டர் இறங்குவது அதிசயமல்ல. எங்கள் யந்திரம் பாதிக்குப் பாதி மின்விசிறியின் தாகத்தை அளந்துகொண்டிருந்தது.

ஆனால் காற்றுக்கும் பூனைக்கும் குடிக்கும் முறையில் வேற்றுமை உண்டு. காற்று இராப்பகலாகச் சரிவுப் பாதையில் இறங்குகிறது. பூனை படிக்கட்டில் இறங்குகிறது. ஆகவே நாள் முழுவதின் வித்தியாசத்தைப் பாராமல், பூனை வந்து போகும் ஒவ்வொரு வேளையிலும் வருவதற்கு முந்திய எடையையும் போனபின் நிலைத்த எடையையும் மட்டும் ஒப்பிட வேண்டும் என்று தீர்மானித்தோம்.

மே 11, ஞாயிறு

பூனை தண்ணீர் குடிப்பதை இவ்வளவு காலம் பார்த்தும் பாராமலே இருந்திருக்கிறேன். நாய் நாக்கைப் பின்புறமாக மடித்து அகப்பைபோல் நீரை வாரிக்கொள்கிறது. பூனையோ நுனிநாக்கால் நீரின் மேற்பரப்பை மெல்லத் தொட்டு, சடக்கென்று மேலே இழுக்க, நாக்கைத் தொடர்ந்து ஒரு நீர்த்தூண் எழும்புகிறது; பூமியின் ஈர்ப்பு அதை அறுத்து வீழ்த்துவதற்கு முந்திய கணத்தில் வாயை மூடித் தூணின் தலையைக் கவ்விக்கொள்கிறது. ரோமன் ஸ்டாக்கர் என்ற விஞ்ஞானி தம் வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வியால், அவரும் வேறு மூவரும் அதிவேகப் படக்கருவி கொண்டு இதை ஆராய்ந்து 2010-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். வீட்டுப் பூனை விநாடிக்கு ஏறத்தாழ நான்கு தடவை நக்குகிறது. ஒரு தடவைக்குக் கிடைப்பது 0.1 மில்லி. அரை நிமிஷம் குடித்தால் 12 மில்லி. அது எங்கள் தராசுக்குத் தெரியும். போகிற போக்கில் இரண்டு விநாடி நக்கிச் செல்வது தெரியாது. அந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டோம்.

பூனையின் முன்னோர் வறண்ட பிரதேசத்துக் காட்டுப்பூனைகள். இரையின் உடலில் உள்ள ஈரத்திலேயே பெரும்பாலும் காலங்கழித்து, சிறுநீரைக் கெட்டியாகச் சுருக்கி நீரை மிச்சப்படுத்தும் சிறுநீரகத்தை வம்சத்துக்கு விட்டுப் போயின. கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதில் உணவின் நீரும் அடக்கம். டப்பாவில் வரும் ஈர உணவில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்ந்த குருணை உணவில் பத்தில் ஒரு பங்குதான். ஆதலால் மீன்குழம்புச் சோறு தின்னும் பொம்மியும், குருணை தின்னும் பக்கத்துவீட்டுப் பூனையும் ஒரே அளவு குடிக்க வேண்டுமென்று எந்தச் செயலியும் விதிக்க முடியாது. பையனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் ஏற்கனவே தினசரி இலக்கு ஒன்று வைத்து, அது பூர்த்தியானதும் பச்சை வட்டம் நிறைந்து பூமாரி பொழியும்படி செய்திருக்கிறான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

மே 19, திங்கள்

இந்த வாரம் முழுவதும் ஒரே பிரச்னை: குடித்தது யார்? தோலின் கீழே வைக்கும் சில்லுக்குப் பதினைந்து இலக்க எண் உண்டு, 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையால் அதைப் படித்துவிடலாம். ஆனால் சில்லு இருப்பது தோள்களின் நடுவே; படிக்கும் கம்பிச்சுருளுக்கு எட்டுவதோ சில அங்குலம். ஆகவே கிண்ணத்தின் மேல் ஒரு வளைவு கட்டிப் பூனையை அதற்குள் நுழைய வைக்க வேண்டியிருந்தது. பொம்மி அந்தத் தோரண வாயிலை ஒரு நாள் முழுதும் எட்ட நின்று பார்த்துவிட்டு, தண்ணீரையே துறந்து கொல்லைப்புறம் போய்விட்டது. கழுத்துப் பட்டையைச் சிங்காரம் ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டது.

கடைசியில் தீர்வு எங்கள் காலடியில் இருந்தது. கிண்ணத்துக்கு முன்னால் பூனையின் நான்கு கால்களும் அடங்கும்படி ஒரு பலகை போட்டு, அதன் மூலைகளிலும் லோட் செல் வைத்துவிட்டேன். பொம்மி 3.8 கிலோ, சிங்காரம் 5.1. ஏறி நின்ற எடையே ஆளைச் சொல்லிவிடுகிறது. அடையாளத்துக்காகப் போட்ட பலகை தினமும் பூனையின் தேக எடையையும் குறித்து வைக்கிறது என்பது இரண்டு நாள் கழித்தே எங்களுக்கு உறைத்தது.

ஜூன் 8, ஞாயிறு

நாலு நாளாக மாலையில் மழை; உஷ்ணம் தணிந்திருக்கிறது. பையன் உற்சாகமாகப் போன் செய்தான்: "பொம்மி பின்றா சித்தப்பா! ஒன்பது நாளா இலக்கை விடாம எட்டியிருக்கா, பாத்தீங்களா?" பார்த்தேன். பச்சை வட்டம், பூமாரி எல்லாம் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் வரிசையாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். மே மூன்றாம் வாரத்தில் நாளொன்றுக்கு 65 மில்லியை ஒட்டி இருந்தது, வெயில் குறைந்த பின்னும் படிப்படியாக ஏறி 105-இல் நிற்கிறது. உணவில் மாற்றமில்லை. பலகை சொல்லும் எடை 3.65.

தொழிற்சாலையில் ஒரு கொதிகலன் வழக்கத்தைவிட அதிக நீர் கேட்டால் நாங்கள் கை தட்ட மாட்டோம். எங்கே ஒழுகுகிறது என்று தேடுவோம்.

ஜூன் 12, வியாழன்

செவ்வாயன்று வைத்தியரிடம் காகிதத்தையும் பூனையையும் கொடுத்தேன். காகிதத்தைத்தான் முதலில் பார்த்தார். சிறுநீரின் ஒப்படர்த்தி 1.014. ஆரோக்கியமான பூனைக்கு 1.035-க்கு மேல் இருக்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் 2.4. சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்குழல்களில் மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் நீரைச் சுருக்கும் சக்தி போகிறதென்றும், சுருக்க முடியாமல் வெளியே போவதை ஈடுகட்டவே பூனை அதிகம் குடிக்கிறதென்றும், அதைக் குடிக்கவிடாமல் தடுப்பது பெரும் பிசகு என்றும் விளக்கினார். இனி ஈர உணவு. மூன்று மாதத்துக்கொருமுறை பரீட்சை. இன்னும் சில வருஷம் சௌக்கியமாக இருக்கலாம் என்றார். பிறகு, "மார்ச் மாதத்தில் எவ்வளவு குடித்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுபடியும் எண் இல்லை. கூட வந்திருந்த மனைவிதான், "மார்ச்லேயே வாளிக்குப் போக ஆரம்பிச்சிடுச்சு டாக்டர். மண் தொட்டியும் ரெண்டு மடங்கு நனைஞ்சுது" என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

இன்று பையன் வந்து பச்சை வட்டத்தை எடுத்துவிட்டான். "வேற என்ன நிறம் போடலாம் சித்தப்பா?" என்றான். நிறமே வேண்டாம், அந்தப் பூனையின் சென்ற மாதத்துக் கோட்டையும் இந்த மாதத்துக் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தால் போதும் என்றேன். அவன் முகம் சற்று வாடியது, ஆனாலும் வரைந்தான். புதுக் கோட்டில் நேற்றைய புள்ளி மட்டும் திடீரென்று கீழே இறங்கியிருந்ததைக் கண்டு இருவரும் திகைத்தோம். மனைவி சமையலறையிலிருந்து நாட்காட்டித் தாளைக் கிழித்து வந்து நீட்டினாள். அதன் ஓரத்தில் பென்சிலால், 'வாளி – 3 தடவை' என்று எழுதியிருந்தது.