இருபத்தேழு டாலர்

பனாமா நாட்டில் ஓய்வூதியர்களுக்கென்றே ஒரு குடியேற்ற அனுமதி உண்டு. ஆயுள் முழுவதும் மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் வரும் என்று சான்று காட்டுவது அதற்கான முதன்மைத் தகுதி. தாய்லாந்தில் 50 வயது கடந்தவர் மாதம் 65,000 பாட் வருமானத்தையோ 8 லட்சம் பாட் வங்கி இருப்பையோ காட்டி, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு தங்கலாம். மெக்சிகோவின் சப்பாலா ஏரிக்கரையில் அமெரிக்க முதியவர்களும், ஸ்பெயினின் கடலோர ஊர்களில் ஆங்கிலேய முதியவர்களும் இவ்வாறு குடியேறி வாழ்ந்துவருகிறார்கள். பெரிய செல்வர்கள் மட்டும் போவதில்லை. ஏதோ ஒரு நிறுவனத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து, சொந்த ஊர் விலைவாசியில் இழுத்துப் பிடித்து வாழவேண்டிய ஓய்வூதியம் பெறுவோரும் போகிறார்கள். எல்லையைக் கடந்ததும் அதே தொகை பெருகிவிடுகிறது.

எங்கள் அப்பாவும் நிறுவன ஓய்வூதியம் பெறுபவராகத்தான் அயல்நாடு சென்றார். ஆனால் அவர் சென்றது எதிர்த்திசையில். எங்களில் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். இருவருமே ‘அப்பா’ என்றழைத்துப் பழகிவிட்டதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறோம்.

அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். 1976இல் சேர்ந்து 2012இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியம் ஆலைத் தொழிலாளிக்குக் கிடையாது. 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்தான் அவருக்கு உரியது. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 விழுக்காடு இதற்குப் போகும். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அன்றைய உச்சவரம்பு 6,500 ரூபாய். ஆகவே மாதம் 541 ரூபாய்தான் சேரும். அந்தச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்து ஓய்வூதியத்தைக் கணக்கிடுவார்கள். 1995க்கு முந்தைய பணிக்காலத்துக்குச் சிறு தொகை ஒன்று சேரும். இவையெல்லாம் கூடி அப்பாவுக்கு வந்தது மாதம் 2,230 ரூபாய். அகவிலைப்படி கிடையாது. 2012இல் வந்த அதே 2,230தான் இன்றும் வருகிறது. அப்பாவுடைய தோழர்கள் சிலர் இதைவிடக் குறைவாக வாங்கினார்கள். 2014 செப்டம்பரில்தான் அரசு குறைந்தபட்ச ஓய்வூதியத்தை மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. பனாமா கேட்பது ஆயிரம் டாலர்; இங்கே உறுதி அளிக்கப்பட்டது ஆயிரம் ரூபாய்.

அம்மா 2016இல் காலமானார். அண்ணன் அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசனில் இருக்கிறார். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. ‘அப்பா இனி தனியாக இருக்கவேண்டாம், என்னோடு வந்துவிடட்டும்’ என்றார். நாங்கள் அப்போது இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தோம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ‘எங்களோடு இருங்களப்பா’ என்று நாங்களும் சொன்னோம். ஒரு முறை சொன்னோம். இரண்டாம் முறை சொல்லவில்லை. 2018இல் அப்பா விமானம் ஏறினார்.

எடிசனைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அங்குள்ள ஓக் ட்ரீ சாலையும் நினைவுக்கு வரும். காய்கறிக் கடை முதல் நகைக்கடை வரை எல்லாம் நம் நாட்டார் கடைகள். அப்பாவுக்கு மொழிச் சிக்கல் பெரிதாக இல்லை. உணவுச் சிக்கலும் இல்லை. அண்ணனும் அண்ணியும் அவரைக் குறைவின்றிப் பார்த்துக்கொண்டார்கள். அதில் எங்களுக்கு ஐயம் எதுவும் எக்காலத்தும் எழவில்லை. அவருடைய மருத்துவக் காப்பீட்டுக்கு அண்ணன் செலுத்திய ஒரு மாதத் தவணைக்கே அப்பாவின் ஓராண்டு ஓய்வூதியம் போதாது. அங்கே ஒரு முறை முடி வெட்டிக்கொள்ள 25 டாலர் ஆயிற்று. ‘என்ற ஒரு மாசப் பென்சன் ஒரு கிராப்புக்குச் சரியாப் போச்சு கண்ணு’ என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். அன்றைய மதிப்பில் அவருடைய 2,230 ரூபாய் சற்றேறக்குறைய முப்பது டாலர். பின்னர் ரூபாய் இறங்க இறங்க அது இருபத்தேழாயிற்று.

ஆனால் அந்த ஓய்வூதியம் அமெரிக்கா செல்லவே இல்லை. வங்கியின் ஏடிஎம் அட்டையை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, இங்கே காலை ஏழு மணிக்கு, தொலைபேசி ஒலிக்கும். ‘பணம் ஏறிடுச்சா?’ என்று கேட்பார். பிறகு பட்டியல் வரும். சூலூரில் தனியாக இருக்கும் அத்தைக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, 1,000. அவரோடு ஆலையில் வேலை பார்த்து இப்போது சர்க்கரை நோயால் அவதிப்படும் நண்பருக்கு மருந்துச் செலவு 500. எங்கள் மகளுக்குப் புத்தகம் வாங்க 300. மாரியம்மன் கோயில் விளக்குக்கு எண்ணெய் 200. எஞ்சிய 230 ‘கணக்குலயே கெடக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்’. மாதந்தோறும் இதே பட்டியல்தான். ஆயினும் ஒவ்வொரு முறையும் முதன்முறை சொல்வதுபோல் முழுவதும் சொல்வார். நாங்கள் எழுதிக்கொள்வதுபோல் ‘சரிங்கப்பா, சரிங்கப்பா’ என்போம். உண்மையைச் சொன்னால், கல்லூரிக்குப் புறப்படும் அவசரத்தில் அந்த அழைப்பு எங்களுக்குச் சுமையாகத்தான் இருந்தது.

இந்த ஓய்வூதியம் தொடரவேண்டுமென்றால், பெறுபவர் உயிரோடிருக்கிறார் என்று ஆண்டுக்கொரு முறை சான்று தரவேண்டும். வாழ்நாள் சான்றிதழ் என்பது அதன் பெயர். உள்ளூரில் இருப்பவர் வங்கிக்குப் போய்க் கைரேகை வைத்தால் முடிந்தது. அயல்நாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரக அதிகாரி முன் நின்று கையொப்பம் பெறலாம். எடிசனிலிருந்து அதற்காக நியூயார்க்கிலுள்ள துணைத் தூதரகத்துக்குப் போகவேண்டும். அண்ணன் ஒரு நாள் விடுப்பு எடுத்து, அப்பாவை ரயிலில் அழைத்துப் போய்ச் சான்றிதழ் வாங்கி எங்களுக்கு அஞ்சலில் அனுப்புவார். நாங்கள் அதை வங்கியில் சேர்ப்போம். ரயில் கட்டணம், சாப்பாடு, அஞ்சல் செலவு எல்லாம் கூட்டினால் இரண்டு மாத ஓய்வூதியம் அதற்கே போய்விடும்.

2022 நவம்பரில் அண்ணனுக்கு அலுவலகத்தில் நெருக்கடி. ‘வருஷத்துக்கு முந்நூறு சொச்சம் டாலருக்காக இவ்வளவு அலையணுமா?’ என்று எங்களைக் கேட்டார். நாங்கள் யோசிக்கவே இல்லை. ‘விடுங்கண்ணா. அத்தைக்கும் மற்றவர்களுக்கும் நாங்களே கொடுத்துவிடுகிறோம். அப்பாவிடம் சொல்லவேண்டாம், வீணாக வருத்தப்படுவார்’ என்றோம். எங்களுக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்பாவிடம் ‘இந்த வருடம் கணினியிலேயே முடித்துவிட்டோம்’ என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

டிசம்பரிலிருந்து ஓய்வூதியம் நின்றது. ஐந்தாம் தேதி அழைப்பு வந்தது. ‘பணம் ஏறிடுச்சா?’ ‘ஏறிடுச்சுங்கப்பா.’ பட்டியல் சொன்னார். எங்கள் பணத்திலிருந்து 2,000 எடுத்துக் கொடுத்தோம். ஜனவரியும் பிப்ரவரியும் மார்ச்சும் அவ்வாறே கழிந்தன.

ஏப்ரலில் அவர் வேறொன்று கேட்டார். பேரனுக்குப் பிறந்தநாள் வருகிறது. மாதம் 230 ஆகச் சேர்ந்த பணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவேண்டும். ‘பாஸ்புக்க எடுத்துட்டு வந்து வாசி கண்ணு’ என்றார். நாங்கள் தடுமாறினோம். அப்புறம் பார்த்துச் சொல்கிறோம் என்றோம். ‘இருக்கேன், எடுத்துட்டு வா’ என்றார். முப்பத்தாறு ஆண்டுகள் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே எங்கே பழுது என்று சொன்னவர்; எங்கள் குரலிலிருந்து கண்டுபிடிப்பது அவருக்குக் கடினமாக இருந்திருக்காது. உண்மையைச் சொன்னோம்.

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: ‘அப்ப நாலு மாசமா அக்காளுக்குக் குடுத்தது நீங்களா?’ அவர் கோபப்படவில்லை. ‘சரி அம்மிணி, சரி கண்ணு. இனிமே குடுக்கவேண்டாம். என்றது வந்தா நான் குடுத்துக்கறேன்’ என்று சொல்லி வைத்துவிட்டார்.

மே மாதம் ஐந்தாம் தேதி தொலைபேசி ஒலிக்கவில்லை. எந்த அழைப்பைச் சுமை என்று நினைத்தோமோ அதற்காக இருவரும் எட்டு மணிவரை காத்திருந்தோம். நாங்களே அழைத்தபோது நலம் விசாரித்துவிட்டு முடித்துக்கொண்டார். அண்ணி சொன்ன செய்திகள் மேலும் வருத்தின. முடி வெட்டிக்கொள்ள வரமாட்டேன் என்கிறாராம். குளிர்பெட்டியைத் திறந்து பால் எடுப்பதற்குக்கூட ‘எடுத்துக்கட்டுமா?’ என்று கேட்கிறாராம். ஐந்தாண்டு காலம் அந்த வீட்டில் உரிமையோடு நடமாடியவர், ஒரே மாதத்தில் விருந்தாளியாகிவிட்டார்.

வகுப்பறையில் நாங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்ற மூன்று சொற்களுக்கும் தொல்காப்பியர் வேறுபாடு சொல்கிறார். மூன்றும் இரப்பவன் கூறும் சொற்களே. தன்னைவிட உயர்ந்தவனிடம் கேட்பவன் ‘ஈ’ என்பான்; ஒத்தவனிடம் கேட்பவன் ‘தா’ என்பான்; தன்னைவிடத் தாழ்ந்தவனிடம் கேட்கும் உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொள்வார்கள். அப்பாவின் நிலையை எண்ணியபோதுதான் அந்த இலக்கணம் எங்களுக்கே விளங்கியது. ஐந்தாம் தேதி காலையில் அவர் எங்களிடம் சொன்னது ‘கொடு’ என்னும் சொல்: அத்தைக்குக் கொடு, நண்பருக்குக் கொடு. மகன் வீட்டில் எல்லாம் இருந்தன. ஆனால் அங்கே அவர் எதைப் பெற்றாலும் அது ‘ஈ’ என்பதற்கு அருகில்தான் இருந்தது. அந்த 2,230 ரூபாய் இருந்தவரை அவர் இரண்டையும் சமன் செய்துகொண்டிருந்தார். நாங்கள் நல்லெண்ணத்தோடு அதில் ஒன்றை அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். பணத்தை ஈடுசெய்தோம், கொடுப்பவர் அவர் என்பதை ஈடுசெய்ய இயலவில்லை.

அண்ணனிடம் பேசினோம். அவரும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த மே மாதமே விடுப்பெடுத்து அப்பாவை நியூயார்க்குக்கு அழைத்துச் சென்றார். தாம் உயிரோடிருப்பதை அதிகாரி முன் நின்று மெய்ப்பித்துவிட்டு வெளியே வந்த அப்பா, வழியில் ஒரு முடிதிருத்தகத்தைக் கண்டு, ‘இங்க வெட்டிக்கலாமா?’ என்று கேட்டாராம்.

சான்றிதழ் கிடைத்தால் நிலுவையும் சேர்த்து வரும் என்பது இத்திட்டத்தில் உள்ள ஆறுதல். ஜூன் தொடக்கத்தில் ஆறு மாதத் தொகை, 13,380 ரூபாய், ஒன்றாக வரவாயிற்று. மறுநாள் ஐந்தாம் தேதி. சரியாக ஏழு மணிக்கு அழைத்தார்.

‘ஏறிடுச்சா?’

‘ஏறிடுச்சுங்கப்பா.’

‘அதுல எட்டாயிரத்த மொதல்ல நீங்க எடுத்துக்குங்க.’

டிசம்பர் முதல் மார்ச் வரை நாங்கள் கொடுத்த நான்கு இரண்டாயிரங்கள். வேண்டாமப்பா, அது எங்கள் அத்தையுந்தானே என்றோம். ‘உங்களுக்கு அத்தை. எனக்கு அக்கா’ என்றார். அதற்குமேல் எங்களுக்குப் பேச வழியில்லை. ஏப்ரல், மே மாதங்களுக்குரிய 4,000 ரூபாயை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னார். ‘மிச்சம் 1,380 இருக்கோணும், பார்த்துக்க’ என்றார். இருந்தது. ஜூன் மாதத்துக்குரியது வந்ததும் சொல்லும்படி கூறிவிட்டு வைத்தார்.

அந்த எட்டாயிரத்தை இயந்திரத்திலிருந்து எடுத்து எங்கள் பையில் வைத்துக்கொண்டபோது எங்கள் இருவருக்குமே கூச்சமாக இருந்தது. அவருக்குப் பெறுவது அவ்வளவு காலம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது.

அப்பாவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது; எடிசனில்தான் இருக்கிறார். தூதரகத்துக்குப் போகவேண்டிய நாளைச் சுவர் நாட்காட்டியில் அவரே வட்டமிட்டு வைக்கிறார். ரயில் செலவு இரண்டு மாத ஓய்வூதியத்தை விழுங்குகிறது என்ற கணக்கை இப்போது யாரும் போடுவதில்லை. உங்கள் வீட்டிலும் இத்தகைய சிறு ஓய்வூதியத்தோடு அயல்நாட்டுக்குப் போன பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அந்தத் தொகையை டாலராக மாற்றிப் பார்க்காதீர்கள். அவருடைய சான்றிதழுக்குரிய நாளை மறந்துவிடாதீர்கள்.