எல் போர்டும் இன்சூரன்ஸ் கணக்கும்

கார் வாங்குவதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று இருக்கிறது. வீட்டில் இன்னொருவர் அந்தக் காரை ஓட்டப் பழகுவது!

கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். வீட்டில் அவரும் மனைவியும்தான். மகன் இங்கிலாந்தில். ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய 1197 சிசி கார் வாசலில் நிற்கிறது. சர்க்கரை வியாதி வாத்தியாரின் கண்ணைத் தொட்டுவிட்டது. சிகிச்சைக்கு மாதாமாதம் தஞ்சாவூர் போக வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் திரும்பி வரும்போது ஓட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் என்றால் பென்ஷன் தாங்காது.

ஒருநாள் காபியைக் கொடுத்துக்கொண்டே மனைவி சொன்னார், "என்னங்க, நான் ஓட்டக் கத்துக்கறேன்."

வாத்தியார் சிரித்தார். அந்த அம்மாவுக்கு வயது 54. அடுத்த வாரமே எல்.எல்.ஆரோடு வந்து நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

அதே மாதம்தான் காரின் இன்சூரன்ஸும் முடிகிறது. மகன் போனில் பயமுறுத்தினான். "இங்கெல்லாம் யார் ஓட்டறாங்களோ அவங்க பேரு பாலிசியில இருக்கணும்ப்பா. புதுசா பழகறவங்கன்னா பிரீமியம் எகிறிடும்."

நல்லவேளை, இன்சூரன்ஸ் ஏஜென்ட் வாத்தியாரிடம் படித்தவர். "சார், நம்ம ஊர்ல பாலிசி வண்டிக்குத்தான். அம்மா ஓட்டறதுக்குத் தனியா காசு கிடையாது. ஆனா முன்னாலயும் பின்னாலயும் எல் போர்டு இருக்கணும். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்துல, தேவைப்பட்டா வண்டியை நிறுத்தற மாதிரி உட்காரணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் கிளைம்ல தகராறு வரும்" என்றார்.

1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்றாவது விதி இதைத்தான் சொல்கிறது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டி விபத்து நடந்தாலும் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்று ஸ்வரன் சிங் வழக்கில் 2004லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, அடுத்தது செலவு. "தேர்டு பார்ட்டி மட்டும் போட்டா போதாதா?" என்று வாத்தியார் இழுத்தார். 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு அது 3,416 ரூபாய். ஜிஎஸ்டி தனி. மலிவுதான். ஆனால் அது அடிபட்டவருக்கும் அடுத்தவர் சொத்துக்கும்தான். சொந்தக் காருக்குப் பைசா கிடைக்காது. பழகுகிறவர் முதலில் இடிப்பது எதை? நம் வீட்டு கேட்டைத்தானே!

ஆகவே முழு பாலிசி. சொந்தச் சேதப் பகுதிக்கு 6,000 ரூபாய் வந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கிளைமே இல்லாததால் 50 சதவீதம் தள்ளுபடி. கட்ட வேண்டியது 3,000.

வாத்தியார் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஒருமுறை கிளைம் செய்தால் தள்ளுபடி பூஜ்யமாகிவிடும். பிறகு வருடத்துக்கு ஒரு படியாக 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50க்கு வர முடியும். பிரீமியம் மாறாமல் அதே 6,000 என்று வைத்துக்கொண்டாலும் கூடுதலாகக் கட்ட வேண்டியது 3,000, 1,800, 1,500, 900, 300. கூட்டினால் 7,500! அதற்குக் குறைவான தொகைக்குக் கிளைம் கேட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

"அப்ப சின்ன அடிக்கெல்லாம் நான் கேட்கவே போறதில்லை. முதல் 5,000 ரூபாயை நானே ஏத்துக்கறேன், அதுக்கு என்ன குறைப்பே?" என்றார். இதற்கு வாலண்டரி டிடக்டிபிள் என்று பெயர். பிரீமியம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கணக்கு வாத்தியார் முகத்தில் வெற்றிக் களை!

ஏஜென்ட் பேப்பரை மூடவில்லை. "சார், இதுல இருக்கற 15 லட்சம் ஆக்சிடென்ட் கவர் ஓனருக்கு மட்டும்தான். ஆர்.சி. உங்க பேர்ல இருக்கு. அம்மா ஓட்டும்போது அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது வராது."

வாத்தியார் பேசவில்லை. பம்பருக்குக் கணக்குப் போட்டாயிற்று. கேட்டுக்குப் போட்டாயிற்று. பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கும் போட்டாயிற்று. ஓட்டப் போகிறவருக்கு?

"அவ பேர்ல தனியா ஒண்ணு போடு" என்றார். மிச்சம் பிடித்த பணம் அந்தத் தனிநபர் விபத்து பாலிசிக்கே போனது. அதற்கு மேலும் கொஞ்சம் போட வேண்டியிருந்தது. இந்த முறை அவர் கணக்குப் பார்க்கவில்லை. நாமினி யார் என்று ஏஜென்ட் கேட்டபோது, அந்த அம்மா அடுப்படியிலிருந்தே, "அவரையே போடுப்பா" என்றார்.

மூன்றாவது வாரம் எதிர்பார்த்தது நடந்தது. கேட் தூணில் உரசல். மெக்கானிக் 2,800 என்றார். அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வாத்தியார் சட்டைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தார். "7,500க்குக் கீழேதான் இருக்கு. கவலைப்படாதே, நாளைக்கும் எடு" என்றார்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தால் லைசென்ஸுக்கு டெஸ்ட் கொடுக்கலாம். அந்த அம்மா இரண்டாவது முயற்சியில் தேறினார். இப்போது தஞ்சாவூருக்கு அவர்தான் ஓட்டுகிறார். பக்கத்து சீட்டில் வாத்தியார், கண்ணில் மருந்தோடு, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிறார்!

உங்கள் வீட்டிலும் யாராவது எல் போர்டு மாட்டப் போகிறார்களா? பிரீமியத்தைத் தாராளமாகக் குறையுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவர் அந்தப் பாலிசியில் எங்கே இருக்கிறார் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.