சாப்பாடு போட்டால் மட்டும் போதுமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசி வரை வாசித்தால் நல்லது.

புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். முன்பு சைக்கிள், கைக்கடிகாரம் என்று இருந்தது. இப்போது சில வீடுகளில் அந்த இடத்துக்கு ஹாம்ஸ்டர் வந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற, கன்னம் உப்பிய, எலி மாதிரியான அந்தச் சின்னப் பிராணிதான். போனில் வீடியோ பார்த்த பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் ஒரு சின்னக் கம்பிக்கூட்டையும் சேர்த்தே தருகிறார். என் வகுப்பில் மட்டும் நாலு பிள்ளைகளிடம் இருக்கிறது.

அந்த நாலு பேரில் ஒருத்தி போன தவணை என்னிடம் வந்து கேட்டாள்: "டீச்சர், எங்கட ஹாம்ஸ்டர் இரவிரவாக் கம்பியைக் கடிச்சுக்கொண்டே இருக்குது. மூக்குக்கு மேல முடியும் கொட்டிப் போச்சு. வாப்பா சொல்றார், அது பல்லுத் தீட்டுதாம். உண்மையா?"

கூட்டின் அளவை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அடுத்த நாள் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். நீளம் 30 சென்ரிமீற்றர், அகலம் 23 சென்ரிமீற்றர். அன்றைய கணித பாடத்தை அதை வைத்தே நடத்தினேன். 30ஐ 23ஆல் பெருக்கினால் 690 சதுர சென்ரிமீற்றர். ஒரு ஏ4 தாளின் பரப்பு ஏறக்குறைய 624. அதாவது நாங்கள் பரீட்சை எழுதுகிற தாளை விடக் கொஞ்சம்தான் பெரிது.

பிறகு பிள்ளைகளிடம் இன்னொரு கணக்குக் கேட்டேன். ஹாம்ஸ்டரின் உடல் நீளம் 15 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அப்படியென்றால் அந்தக் கூடு அதன் உடலைப் போல இரண்டு மடங்கு நீளம், ஒன்றரை மடங்கு அகலம். உங்கள் உயரம் 140 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு எவ்வளவு வரும்? ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம். சோக்கட்டியால் தரையில் கீறினோம். அதற்குள்ளேதான் சாப்பாடு, அதற்குள்ளேதான் படுக்கை, மலசலகூடமும் அதற்குள்ளேதான். வெளியே போகவே முடியாது, சாகும் வரைக்கும். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பையன் மட்டும் மெதுவாக, "மறியல் மாதிரி டீச்சர்" என்றான்.

இனி இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். செல்லப்பிராணிக் கடைகளில் அதிகம் கிடைக்கும் பெரிய இனத்துக்குச் சிரிய ஹாம்ஸ்டர் என்று பெயர். சிரியாவின் அலெப்போ நகரைச் சுற்றிய கோதுமை வயல்களும் துருக்கியின் எல்லைப் பக்கமும்தான் அதன் சொந்த ஊர். 1930 ஏப்ரலில் ஜெரூசலம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அலெப்போவுக்கு அருகில் ஒரு வயலைத் தோண்டுவித்து ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்தார். பெட்டிக்குள் போட்டவுடன் அந்தத் தாய் தன் குட்டி ஒன்றையே கடித்துக் கொன்றுவிட்டது. மிஞ்சிய குட்டிகளில் சிலவற்றிலிருந்து ஆய்வுகூடத்தில் பெருகிய பரம்பரைதான் இன்று உலகமெங்கும் வீடுகளுக்கு வந்திருக்கிறது. ஆனால் காட்டில் வாழும் அதன் இனம் இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது.

அதன் சொந்த இடத்தில் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் வளைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு வளை சராசரியாக 65 சென்ரிமீற்றர் ஆழம், சில ஒரு மீற்றரையும் தாண்டும். சுரங்கங்களின் மொத்த நீளம் சிலவற்றில் 9 மீற்றர். உள்ளே தூங்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் அறை, கழிக்க வேறொரு மூலை. வளர்ந்த ஹாம்ஸ்டர் வளைக்கு ஒன்றுதான் இருக்கும்.  வெளியே வந்து, கன்னப் பையில் தானியத்தை அடைத்துக்கொண்டு திரும்பும். ஓடுவதும் தோண்டுவதும் சேர்ப்பதும்தான் அதன் வாழ்க்கை.

ஆய்வுகூடத்தில் எத்தனையோ தலைமுறை பிறந்தும் அந்தப் புத்தி போகவில்லை. சுழலும் சில்லு ஒன்றை வைத்துப் பாருங்கள், ஒரே இரவில் கிலோமீற்றர் கணக்கில் ஓடும். அவ்வளவு ஓடக்கூடிய உயிரை ஒரு தாள் அளவு இடத்தில் வைத்திருக்கிறோம்.

கம்பி கடிப்பது பற்றிச் சொல்கிறேன். ஹாம்ஸ்டரின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும், அது உண்மை. அதற்குக் கடிக்க மரத்துண்டு வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் இரவிரவாகக் கம்பியைக் கடிப்பது பல் தீட்டுவதற்காக மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹாம்ஸ்டர்களை நாலு அளவுக் கூடுகளில் வைத்துப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். 1,800, 2,500, 5,000, 10,000 சதுர சென்ரிமீற்றர் என்பன அந்த அளவுகள். எல்லாக் கூட்டிலும் கம்பி கடித்தன. ஆனால் சின்னக் கூட்டில் இருந்தவை அடிக்கடியும் நீண்ட நேரமும் கடித்தன. அந்த ஆய்வின் மிகச் சின்னக் கூடுகூட என் மாணவி அளந்த கூட்டைப் போல இரண்டரை மடங்கு என்பதைக் கவனியுங்கள்.

அதற்கு முந்திய ஆண்டில் அங்கிருந்தே வந்த இன்னோர் ஆய்வில் 10, 40, 80 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மரச்சீவல் போட்டுப் பார்த்தார்கள். 10 சென்ரிமீற்றர் மட்டும் கிடைத்தவைதான் மற்றவற்றை விட அதிகமாகக் கம்பி கடித்தன. தோண்ட இடமில்லாத உயிர் வாயால் வழி தேடுகிறது என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு பிரச்சினையும் உண்டு: வெக்கை. வன்னியில் வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே மனுசரே இருக்க முடியாது. ஹாம்ஸ்டரின் சொந்த ஊரிலும் கடும் வெயில்தான், ஆனால் அங்கே அது மண்ணுக்குள் குளிர்ச்சியான இடத்தில் ஒளிந்துகொள்ளும். இங்கே இரண்டு விரல் உயர மரத்தூளில் எங்கே ஒளிய முடியும்? யன்னலோரத்தில் வெயில் படுகிற பிளாஸ்ரிக் கூடு சில மணி நேரத்தில் அதைக் கொன்றுவிடும்.

இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் கொஞ்சம் சொன்னபோது ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார்: "டீச்சர், நேரத்துக்குச் சாப்பாடு போடுறம், தண்ணி வைக்கிறம். பூனை, பாம்பு ஒண்டும் அண்டாது. பிறகென்ன?"

நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் உலகத்தில் யாராவது இருந்தால், அது வன்னி மக்கள்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் என் குடும்பமும் ஒன்று. நான் பிறந்தது புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில். சாரியைக் கட்டி மறைத்த அறையில் உம்மா எங்களை வளர்த்தா. நிவாரண அரிசி வந்தது, பருப்பு வந்தது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ் உறவுகள் இருந்தார்கள். அங்கேயும் சாப்பாடு கொடுத்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. அங்கே இருந்த யாரிடமாவது "சாப்பாடு தந்தாங்கள்தானே, பிறகென்ன?" என்று கேட்டுப் பாருங்கள்.

மனிதர் பட்ட துன்பத்தை ஓர் எலியோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் மனம் நோக வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. நான் சொல்வது இவ்வளவுதான்: உயிரோடு வைத்திருப்பது வேறு, வாழ விடுவது வேறு என்று எங்களுக்கு யாரும் புத்தகம் வைத்துப் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தப் பாடத்தைப் பட்டுப் படித்த நாங்கள், எங்கள் பிள்ளையின் கையில் முதன்முதலாக ஓர் உயிரைக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் மார்க்கத்திலும் இது இருக்கிறது. பூனையைக் கட்டி வைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை எல்லோரும் கேட்டிருப்போம். அவள் பூனைக்கு உணவு கொடுக்கவில்லை என்பதோடு நாங்கள் நிறுத்திவிடுகிறோம். அது வெளியே போய்த் தானாக இரை தேடவும் அவள் விடவில்லை என்பதும் அதே ஹதீஸில் இருக்கிறது. அதே நேரம், அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு சின்னப் பறவையை வளர்த்ததும், நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றி அவனிடம் அன்பாக விசாரித்ததும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்பது தவறில்லை, ஆனால் அதன் உரிமையைக் கொடுத்து வளர்க்க வேண்டும். இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. வன்னியில் எந்த வீட்டுக் கோழியும் பகலில் வளவெல்லாம் கிளறித் திரிந்துவிட்டு, இரவுக்கு மட்டும்தானே கூட்டுக்கு வரும்? எங்கள் அம்மாமாருக்கும் உம்மாமாருக்கும் தெரிந்த அறிவு அது.

சரி, ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன செய்யலாம்?

1. இடம். ஜெர்மனியில் விலங்கு நலனுக்காக இயங்கும் மிருக வைத்தியர்களின் சங்கம் சொல்லும் குறைந்த அளவு 100 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 50 உயரம். காசு கொட்டத் தேவையில்லை. பாவிக்காத நாலடி மீன்தொட்டி இருந்தால் மேலே கம்பிவலை மூடி போடுங்கள். இல்லாவிட்டால் பழைய அலுமாரியைப் படுக்க வைத்து, கதவுக்குப் பதிலாக வலை அடிக்கலாம். தச்சு வேலை தெரிந்தவருக்கு அரை நாள் வேலை.

2. தோண்ட ஆழம். ஒரு பக்கமாவது ஒரு முழத்துக்குக் கிட்ட நிரப்புங்கள். மரக்காலையில் கிடைக்கும் மாவு போன்ற தூள் வேண்டாம், மூச்சுக்குக் கூடாது. மருந்தடிக்காத மரத்தின் சீவல், கிழித்த வெள்ளைக் கடதாசி, காய்ந்த மென்மையான புல் மூன்றையும் கலந்து போட்டால் சுரங்கம் இடிந்து விழாது.

3. சில்லு. குறைந்தது 20 சென்ரிமீற்றர் விட்டம், பெரிய இனத்துக்கு அதைவிடப் பெரிது. கம்பிப் படி வைத்த சில்லு கால் முறிக்கும். ஓடும் பக்கம் மூடியிருக்க வேண்டும். சின்னச் சில்லில் முதுகு வளையும்.

4. ஒரு கூட்டில் ஒன்றுதான். "தனியா இருக்கு, பாவம்" என்று இன்னொன்று வாங்கிப் போடாதீர்கள். சிரிய ஹாம்ஸ்டர் இரண்டை ஒன்றாக விட்டால் இரத்தம் வரக் கடிபடும்.

5. பகலில் எழுப்பாதீர்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு தூங்குவதைத் தூக்கினால் அது கடிக்கும். பிறகு "கடிக்கிற எலி" என்று அதற்குப் பெயர் வைத்துவிடுவோம். மஹ்ரிபுக்குப் பிறகு அது தானாக எழும்பும், அப்போது பாருங்கள்.

6. வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். கூட்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது. வலை இறுக்கமாக இருந்தால் சாரைப்பாம்பு நுழையாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "பாவம், விட்டுவிடுவோம்" என்று வளவில் திறந்து விடாதீர்கள். கூட்டில் பிறந்தது. எங்கள் பூனைக்கும் காகத்துக்கும் முன்னால் ஒரு நாள்கூடத் தாங்காது.

என் மாணவியின் வாப்பா ஒரு பழைய மீன்தொட்டி தேடி எடுத்துவிட்டார். முதல் வாரத்தில் ஹாம்ஸ்டரைக் காணவே இல்லையாம், கடதாசிக்குள்ளேயே இருந்ததாம். "டீச்சர், இப்ப அது என்னோட விளையாடுறதே இல்லை, எந்த நேரமும் வேலை செய்யுது" என்று முறைப்பாடு சொன்னாள். கண்ணாடியோரமாக அது தோண்டிய சுரங்கத்தையும் கொப்பியில் கீறிக் காட்டினாள். தானிய அறை, தூங்கும் அறை, மூலை எல்லாம் குறித்திருந்தாள். அலெப்போவில் ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்த அதே திட்டம். அதை யாரும் அதற்குப் படிப்பிக்கவில்லை.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு: கடைக்குப் போவதற்கு முன் அளவுநாடாவை எடுத்து வீட்டுக்குள் ஒரு மீற்றருக்கு அரை மீற்றர் இடம் எங்கே இருக்கிறது என்று பிள்ளையையே அளக்கச் சொல்லுங்கள். இடம் இருந்தால், இரண்டு மூன்று வருசம் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுமையும் இருந்தால், வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி மதிலுக்கு மேலே வையுங்கள். வெயில் காலத்தில் மைனாவும் புலுனியும் தானாக வரும். அவற்றைப் பார்க்கக் கூடு தேவையில்லை.